பனிக்கடியில் இருப்பவரின் சம்மதம்

வெண்டல் போய்ச்சுக் கனடாவின் வின்னிபெக் நகருக்கு வந்தது ஒரே ஒரு வாக்கியத்துக்காக. அந்த வாக்கியத்தை ஒரு புத்தகத்துக்குள் வைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு எதற்கு ஒரு வாரம் முழுக்க என்று அவனுக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை மாலையே கிளம்பிவிடலாம் என்று நினைத்து ஒரே ஒரு மாற்றுச் சட்டையோடு வந்திருந்தான்.

ஓட்டல் முகப்பில் கூட்டத்துக்கான பதிவு மேசைக்குப் பின்னால் இருந்த பெண், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“எந்தக் கம்பெனி?”

“கம்பெனி எதுவும் இல்லைங்க. மலைப்பக்கம் ரெவெல்ஸ்டோக்ல ஸ்கூல் பஸ் ஓட்டறேன். குளிர்காலத்துல பனிச்சரிவு மீட்புக் குழுவுல இருக்கேன்.”

“கம்பெனி போடாம இது உள்ள விடாதுங்க.”

“அப்ப ‘இல்லை’ன்னே போட்டுக்குங்க.”

அவள் போட்டாள். கணினி திருப்தியடைந்து ஓர் அட்டையைத் துப்பியது. வெண்டல் போய்ச்சுக், இறுதிப் பயனாளர், நிறுவனம்: இல்லை.

அந்த ஓட்டலில் கூடியிருந்தது கைபேசிகளுக்கு விதி எழுதும் பேரவை. அதன் சட்டதிட்டத்தில், விதிநூலின் எந்தப் பதிப்பும் பயனாளர் ஒருவராவது பார்த்த பிறகே வெளிவர வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. வெகுகாலமாக அது யார் கண்ணிலும் படவில்லை. இந்த முறை பட்டுவிட்டது. அப்போது மேலதிகாரிகளின் மேசைமேல் கிடந்தது வெண்டலின் மீட்புக் குழு அனுப்பிய விண்ணப்பம். ஆகவே கடைசி வரிசையில், கதவை ஒட்டி, அவனுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

முதல் நாள் காலையில் அவனைப் பார்க்கப் பலர் வந்தார்கள். “நான் இந்தப் பேரவையிலயே முடி நரைச்சவன். பயனாளர்னு ஒருத்தரை நேர்ல பார்க்கறது இதுதான் முதல் தடவை” என்று ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொருவர் அவனோடு நின்று படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார். மூன்றாமவர் மிருகக்காட்சிசாலையில் கேட்பதுபோலத் தணிந்த குரலில், “தினமும் போனை உபயோகிப்பீங்களா?” என்று கேட்டார்.

பேரவைக்கு நேரடி இடமறிதல் பேரவை என்று பெயர். கோபுரமோ சிக்னலோ இல்லாத இடத்திலும் இரண்டு கைபேசிகள் தங்களுக்குள் நேராகப் பேசி, ஒன்று எங்கே இருக்கிறது, எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் என்று மற்றொன்று கண்டுபிடித்துவிடும். அந்த வித்தை எப்போதோ தயாராகிவிட்டது. பேச்சைத் தொடங்குமுன் இரண்டும் ஒன்றையொன்று ‘நீ யார்’ என்று எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதில்தான் பேரவை ஏழாவது ஆண்டாக உட்கார்ந்திருந்தது.

வெண்டலுக்கு அந்தக் கேள்வி வேறு வழியாக அறிமுகமாகியிருந்தது. போன பிப்ரவரியில் மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து இறங்கியபோது, பனிவண்டியில் போய்க்கொண்டிருந்த கர்டிஸ் அதற்குள் போய்விட்டான். கர்டிஸ், மீட்புக் குழுத் தலைவி நதீனின் தம்பி. பனிக்குள் தேடுவதற்கென்றே விற்கும் கருவியை மாட்டிக்கொண்டு மலையேறுகிறவர்கள் பாதிப்பேர்தான். கைபேசி இல்லாமல் ஏறுகிறவர் ஒருவரும் இல்லை. குழுவினரின் கைபேசிகள் மேலிருந்து கூப்பிட்டன. உள்ளே இருந்த கைபேசி காதில் வாங்கிக்கொண்டது. பதில் மட்டும் சொல்லவில்லை. நீளக் குச்சிகளால் பனியைக் குத்திக் குத்தி அவன் உடலைக் கண்டெடுத்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவன் மேல்சட்டைப் பையில் திரை இன்னும் வெளிச்சமாக இருந்தது. ‘அருகில் உள்ள, அறிமுகமில்லாத கருவி ஒன்று உங்கள் இடத்தை அறிய விரும்புகிறது. அனுமதிக்கிறீர்களா?’

வெண்டல் கொண்டுவந்த வாக்கியம் இதுதான்: ‘உரிமையாளர் பதில் சொல்லாதபோது, மீட்புக் குழுவின் கைபேசிக்கு அந்தக் கருவி தானே பதில் சொல்லும்.’ விதிநூலின் இந்தப் பதிப்பு வெள்ளிக்கிழமை மூடப்படும். அடுத்த பதிப்பு திறக்க மூன்று வருடம் ஆகும்.

பேரவைத் தலைவர் மார்கிட் ஓஸ்டர்லுண்ட், தலைமுடியை இழுத்துக் கொண்டை போட்ட, குரல் உயராத அம்மாள். கையில் சின்ன மரச்சுத்தியல் ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு விஷயத்தையும் படித்து, “ஆட்சேபணை உண்டா?” என்று கேட்பார். அறை பேசாமல் இருக்கும். சுத்தியல் ஒரு தட்டு தட்டும். விஷயம் முடிந்தது.

“ஓட்டுப் போட மாட்டாங்களா?” என்று வெண்டல் பக்கத்து நாற்காலிக்காரியிடம் கிசுகிசுத்தான்.

அவள் பெயர் ஒடெட் லாவல்லே. மாண்ட்ரியாலில் ஏதோ கைபேசிச் சில்லு செய்யும் நிறுவனத்தின் பிரதிநிதி. கூட்டம் நடக்கும்போது ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள். நிமிராமலே சொன்னாள்: “இங்க ஓட்டெல்லாம் கிடையாது பயனாளரே. பேசாம இருந்தா சம்மதம். ஒருத்தர் வாயைத் திறந்தாலும் எல்லாம் நின்னுடும். அதனாலதான் என் கம்பெனி எனக்குச் சம்பளம் குடுக்குது.”

“வாயைத் திறக்கவா?”

“திறக்காம இருக்க. அது இன்னும் கஷ்டம்.”

அன்று பிற்பகல் அடையாளம் பற்றிய விவாதம் தொடங்கியது. கைபேசிக்கு நிலையான அடையாளம் இருந்தால் கண்டவனும் அதைப் பின்தொடர்வான். ஆகையால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தன் அடையாளத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்தது. தேடுகிறவர் புதிய அடையாளத்தை எப்படித் தெரிந்துகொள்வது? தேடப்படும் கைபேசியையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதை எப்படிக் கூப்பிட்டுக் கேட்பது? அதன் புதிய அடையாளத்தைச் சொல்லித்தான்.

வெண்டல் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு தாளில் அம்புக்குறிகள் போட்டுப் பார்த்தான். அம்புகள் வட்டமாகச் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வந்தன. தப்பு தன்னுடையது என்று நினைத்து இன்னொரு தாள் எடுத்தான்.

“பேரு சொன்னாத்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். பேரு என்னன்னு அவனைத்தான் கேக்கணும். அப்படிங்களா?” என்று ஒடெட்டைக் கேட்டான்.

“அடேயப்பா, ஒரே நாள்ல புரிஞ்சுக்கிட்டீங்க. எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.”

“இதுல ஏதோ இடிக்குதே?”

“இடிக்குதுன்னு தெரியும். யாரும் ஆட்சேபிக்கல. சம்மதம் ஆயிடுச்சு.” ஊசியை மாற்றிக்கொண்டு பின்னலைத் தொடர்ந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குமுன் நதீன் கூப்பிட்டாள்.

“என்னடா ஆச்சு, வாக்கியம் உள்ள போயிடுச்சா?”

“இன்னும் எங்க முறை வரல நதீன். இங்க ஒரு வழக்கம் இருக்கு. பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்கறாங்க.”

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

“அங்க வாயைத் திறக்காட்டி சம்மதம். என் தம்பி வாயைத் திறக்காட்டி மறுப்பா? கேட்டுட்டு வா.”

செவ்வாய்க்கிழமை கேட்டுவிட்டான். பேச வேண்டுமானால் கணினியில் கையைத் தூக்க வேண்டும். கையைத் தூக்க ஒரு கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் அவன் நிறுவனத்தின் முகவரிக்குத்தான் போகும். அவனுக்கு நிறுவனம் இல்லை. ஒடெட் தன் கணினியிலிருந்து அவனுக்காகக் கையைத் தூக்கினாள். “‘இல்லை’யின் பிரதிநிதி பேசலாம்” என்றார் தலைவர். வெண்டல் எழுந்து, நதீன் சொன்னதை அப்படியே சொன்னான். கர்டிஸின் பெயரையும் சொன்னான்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மிகவும் மனசைத் தொடற கருத்து. குறிச்சுக்கறோம்” என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போனார்.

“குறிச்சுக்கறோம்னா?” என்றான் வெண்டல் உட்கார்ந்தபடி.

“பூ வெச்சு வழியனுப்பறதுன்னு அர்த்தம்” என்றாள் ஒடெட்.

வாக்கியத்தின் முறை வந்தபோது டாக்டர் ஆன்செல் ப்ரூவர் வாயைத் திறந்தார். பெரிய கைபேசி நிறுவனம் ஒன்றின் தனியுரிமைத் துறைக்குத் தலைவர். உயரமான, மென்மையான மனிதர். எதிரில் இருப்பவரின் நாற்காலி வசதியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் அவரை எதிர்ப்பார்.

“தலைவர் அவர்களே, பயனாளர் நண்பர் மேல எனக்கு ரொம்ப மரியாதை இருக்கு. ஆனா ஒண்ணு யோசிக்கணும். பனிக்கடியில இருக்கறவருக்கும் ஒரு அந்தரங்கம் இருக்கு. அவர் பதில் சொல்லலைன்னா, சொல்ல முடியலைன்னு நாமா எப்படி முடிவு பண்றது? விருப்பமில்லாமலும் இருக்கலாம். தனியா இருக்கணும்னுதானே பல பேர் மலைக்கே போறாங்க? எங்க கம்பெனிக்கு வருஷத்துக்கு லட்சக்கணக்குல புகார் வருது. ‘என் இடத்தை ஏன் காட்டினே’ன்னு வருது. ‘ஏன் காட்டலே’ன்னு பனிக்குள்ள இருந்தவங்க யார்கிட்ட இருந்தும் இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்லை. எண்ணிக்கையே பேசுது.”

பலர் தலையாட்டினார்கள். எண்ணிக்கை பேசியது அவர்களுக்குக் கேட்டது.

தலைவர் நயமாகச் சொன்னார்: “யாரையும் தோற்கடிக்கறது நம்ம வழக்கமில்லை. காபி வேளையில ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க.”

அந்தக் காபி வேளை புதன்கிழமை மாலைவரை நீண்டது. ப்ரூவர் வந்தார், ஒவ்வொரு நிறுவனமும் ஓர் ஆளை அனுப்பியது. எல்லோரும் வாக்கியத்தின்மேல் பிரியமாக இருந்தார்கள். ஒவ்வொருவரும் அதற்கு ஒரு சிறு பரிசு கொண்டுவந்தார்கள். ‘சந்தா நடப்பில் இருக்கும்பட்சத்தில்’ என்றார் ஒருவர். ‘மின்கலம் போதிய அளவு இருந்து, உரிமையாளர் வேறொரு அழைப்பில் இல்லாதபட்சத்தில்’ என்றார் இன்னொருவர். வாக்கியம் பொங்கலுக்குச் சோடித்த மாடுபோல அலங்காரம் தாங்காமல் நின்றது.

பிறகு ஓர் இளைஞர் கேட்டார்: “பனின்னா என்ன?”

மேசை திடுக்கிட்டது. அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை. ஆலங்கட்டி பனியா? குளிர்பதனப் பெட்டிக்குள் படிவது? பொழிந்தது மட்டுமா, இயந்திரம் தூவியதுமா?

இந்த இடத்தில் வெண்டல் ஒரு தவறு செய்தான். மூன்று நாளாக ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு, தனக்குத் தெரிந்த ஒரு விஷயம் கடைசியில் மேசைக்கு வந்தது. அவன் காபித் தட்டிலிருந்து ஒரு மஃபின் கேக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். மாவுபோல உதிரும் பனி, பலகைபோல இறுகிப் பெயரும் பனி, வெயிலில் ஈரம் கோத்த பனி என்று சொல்லத் தொடங்கினான். மஃபினைப் பிய்த்துக் காட்டினான். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பள்ளிப் பேருந்தில் அவன் சொன்ன எதையும் இதுவரை யாரும் எழுதிக்கொண்டதில்லை. கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டு, “மலைக்காத்து ஒதுக்கிக் குவிக்கறது தனி ரகம்” என்று இன்னொரு மஃபினை எடுத்தான்.

அவன் பேசி முடித்தபோது பனியை வரையறுக்க ஒரு துணைக்குழு அமைந்திருந்தது. அதற்கு அவனையே கௌரவ ஆலோசகராகப் போட்டார்கள். ஒடெட் கைதட்டினாள், மெதுவாக.

“பயனாளரே, வாழ்த்துக்கள். உங்க வாக்கியத்தை இனி வேற யாரும் நிறுத்த வேண்டியதில்லை. நீங்களே நிறுத்திட்டீங்க.”

வெண்டல் மிச்ச மஃபினைத் தட்டில் வைத்தான். “நான் உதவி பண்ணலாம்னுதான்...”

“இங்க எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்கோம்.”

வியாழக்கிழமை முழுக்க அவன் ஒவ்வொரு மேசையாகப் போனான். தான் பனியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் மறந்துவிடும்படி கெஞ்சினான். மறப்பதற்கு நடைமுறை இல்லை என்றார்கள். மாலையில் தலைவர் மனமிரங்கினார். பனி வரையறை தனியாகப் போகட்டும், அலங்காரமெல்லாம் கழித்துப் பழைய வாக்கியத்தை மட்டும் வெள்ளிக்கிழமை மதியம் கடைசியாக எடுத்துக்கொள்ளலாம், ப்ரூவர் வாயைத் திறக்காவிட்டால் உள்ளே போகும் என்றார். ஓட்டல் அறையின் கைகழுவும் தொட்டியில் வெண்டல் மாற்றுச் சட்டையை நான்காம் முறையாக அலசிக் காயப்போட்டான். நதீனிடம் “நாளைக்கு” என்று மட்டும் சொன்னான். அவள் “சரிடா” என்றாள். அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை, தூக்கம்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் மேல்மாடிக் கூட்ட அறைக்குப் போய்விட்டார்கள். தட்டில் இருந்த, சாஸ்கடூன் என்ற ஊதாப் பழம் அடைத்துச் சுட்ட இனிப்பின் துண்டை முடித்துவிட்டு வெண்டல் லிஃப்டுக்கு ஓடினான். கதவு மூடும்போது ஒரு நீளக் கை குறுக்கே வந்தது. ப்ரூவர். “மன்னிக்கணும். உங்களுக்கு இடம் போதுமா?” என்றபடி உள்ளே வந்தார்.

லிஃப்ட் இரண்டு மாடி ஏறியது. ஒரு குலுக்கல். நின்றது. விளக்கு பாதியாகக் குறைந்தது.

“சிக்னல் இருக்கா?” என்றார் ப்ரூவர்.

“இல்லைங்க. உங்களுக்கு?”

“இல்லை.” அவர் கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பார்த்தார். உலகத்தின் மிகப் புதிய கைபேசி அது. வெண்டலின் திரை உடைந்த கைபேசிக்கு ஒரு சாண் தள்ளி, ஒன்றும் பேசாமல் இருந்தது.

சுவரில் ஆபத்துப் பொத்தான் இருந்தது. அழுத்தியதும் எங்கேயோ வெகுதூரத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“வணக்கம்! உங்க பாதுகாப்பே எங்க சந்தோஷம். லிஃப்டோட அடையாள எண் சொல்லுங்க.”

“எண் எங்கம்மா இருக்கும்?” என்றான் வெண்டல்.

“கதவுக்கு மேல ஒரு தகட்டுல இருக்குங்க. வெளிப்பக்கம்.”

“நாங்க உள்பக்கம் இருக்கோம்.”

“புரியுதுங்க. வெளியில வந்து பார்த்துச் சொன்னீங்கன்னா உடனே ஆளை அனுப்பிடறேன்.”

ப்ரூவர் குனிந்து, தன் மென்மையான குரலில், ஓட்டலின் பெயரையும் தெருவையும் சொன்னார்.

“அங்க எங்க லிஃப்ட் ஆறு இருக்குங்களே. எது?”

“நின்னு போனதும்மா!”

“என் திரையில ஆறுமே நல்லா ஓடிட்டு இருக்குங்க. அடையாளம் தெரியாத லிஃப்டுக்கு ஆள் அனுப்ப எனக்கு அனுமதி இல்லை. வேற ஏதாவது உதவி வேணுமா?”

குரல் போனதும் ப்ரூவர் சுவரில் சாய்ந்தார். “எந்த முட்டாள் இந்த முறையை எழுதினான்?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “லிஃப்டுக்காரங்க ஆலோசனை கேட்டப்ப, எண்ணை உள்ள ஒட்டினா, உள்ள இருக்கறவங்க எங்க இருக்காங்கன்னு கண்டவனுக்கும் தெரிஞ்சுடும்னு ஒருத்தர் சொன்னாரு” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “நான்தான்” என்றார்.

வெண்டல் கதவுப் பக்கம் திரும்பினான். கதவை மூன்று முறை தட்டினான். நிறுத்தினான். காது கொடுத்தான். மறுபடி மூன்று முறை. அது அவன் கை பழகிய வேலை. தட்டுவதைவிட இடையில் பேசாமல் கேட்பதுதான் முக்கியம். ப்ரூவருக்கு அது தெரியாது. இடைவெளி முழுக்க அவர் “யாராவது இருக்கீங்களா” என்று கத்தினார்.

“சார், கொஞ்சம் சும்மா இருங்க. நாம கத்தினா அவங்க சத்தம் நமக்குக் கேக்காது.”

ப்ரூவர் அடங்கினார். நெற்றியில் வியர்வை. கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முழங்கால்கள் அவருடைய தாடைவரை வந்தன.

“காத்து போதுமா இதுல?” என்றார்.

“நிறையவே இருக்கு.”

“உங்க ஊர்ப் பையன்... அவனுக்கு எவ்வளவு நேரம்...”

“தெரியலைங்க. டாக்டர் ஏதோ சொன்னாரு. நதீன் கேட்டுக்க மாட்டேன்னுட்டா.”

“அந்தத் திரையில இருந்த கேள்வி... அறிமுகமில்லாத கருவின்னு...” ப்ரூவர் கண்ணாடியைக் கழற்றினார். “‘அறிமுகமில்லாத’ங்கற வார்த்தைக்காக நான் ஒரு வருஷம் சண்டை போட்டேன். ஜெயிச்சப்ப கேக் வெட்டினோம்.”

வெண்டல் மறுபடி மூன்று தட்டுத் தட்டினான். பிறகு, கேட்க வேண்டும் என்று நினைக்காமலே கேட்டான்: “அறிமுகமான கருவியா இருந்தா?”

“இருந்தா கேக்கவே கேக்காது, உடனே சொல்லிடும். காலையில ரெண்டு போனையும் பக்கத்துல வெச்சு அறிமுகம் பண்ணிட்டா போதும். ஆனா அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். மறுநாள் எல்லா அறிமுகமும் அழிஞ்சுடும். அதுவும் நாங்கதான்.” தரையைப் பார்த்தபடி சொன்னார்: “மேல போனதும் என் ஆட்சேபணையை நான் எடுத்துடறேன். இதை என்னால... எடுத்துடறேன்.”

வெகுநேரம் கழித்து ஒரு துப்புரவுப் பணிப்பெண் சத்தம் கேட்டு நின்று, ஓட்டல் பழுதுபார்ப்பவரைக் கூட்டிவந்தாள். அவர் கதவை ஒரு கம்பியால் நெம்பித் திறந்தார். அடையாள எண் கேட்கவில்லை. ப்ரூவர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். இருவரும் மீதி மாடிகளைப் படியில் ஏறினார்கள். ப்ரூவர் முன்னால் ஓடினார்.

கூட்ட அறையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“தலைவர் அவர்களே!” ப்ரூவருக்கு மூச்சு வாங்கியது. “அந்த வாக்கியம்... என் ஆட்சேபணையை வாபஸ் வாங்கறேன்.”

ஓஸ்டர்லுண்ட் அம்மாள் அன்போடு பார்த்தார். “அது முடிஞ்சுடுச்சே ஆன்செல். நேரம் இல்லாததால அடுத்த பதிப்புக்குத் தள்ளலாமான்னு கேட்டேன். யாரும் ஆட்சேபிக்கல.”

“நாங்க ரெண்டு பேரும் இங்க இல்லவே இல்லையே!”

“காலையில அட்டையைக் காட்டி ரெண்டு பேரும் உள்ள வந்திருக்கீங்க. வெளிய போனதா பதிவு இல்லை. பதிவுப்படி நீங்க இங்கதான் இருந்தீங்க, பேசாம.”

“லிஃப்டுல மாட்டிக்கிட்டிருந்தோம்மா” என்றான் வெண்டல். “கத்திக்கிட்டுத்தான் இருந்தோம்.”

“இங்க கேக்கலையேப்பா.” அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒடெட் கடைசி வரிசையில் பின்னலை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் நிறுவனம் வாயைத் திறக்காமல் இருக்கத்தான் சம்பளம் கொடுக்கிறது. அவள் வெண்டலின் கண்ணைப் பார்க்கவில்லை.

“முடிவைத் திறங்க” என்றார் ப்ரூவர். அவர் குரல் உயர்ந்து அந்த அறையில் யாரும் அதுவரை கேட்டதில்லை. “எதிர்த்தது நான் ஒருத்தன்தான். நானே வேண்டாங்கறேன்!”

“ஆன்செல், ஏழு வருஷமா நீங்க சொல்லிக் குடுத்ததுதான் இது. ஒரு ஆள் மனசு மாறினதுக்காகச் சபை மாறினா, அப்புறம் இது சபையா? மனுஷங்க மாறுவாங்க, களைச்சுப் போவாங்க, லிஃப்டுல மாட்டுவாங்க. விதிதான் நிக்கணும். நாம ஒருத்தரையும் கைவிடறதில்லை. சரியான வரிசையில வரச் சொல்றோம், அவ்வளவுதான்.” சுத்தியலைக் கைப்பைக்குள் வைக்கப்போனவர், ஏதோ தோன்றி நிறுத்தினார். “ஆனா உங்க அனுபவம் வீணாகக் கூடாது. லிஃப்டுல மாட்டினவங்களைக் கண்டுபிடிக்கறது ஒரு தனித் தலைப்பு. இதுவரைக்கும் யாரும் தொடலை. நீங்களே தலைமை ஏத்து ஒரு ஆய்வு தொடங்கினா என்ன? ஆட்சேபணை உண்டா?”

அறை பேசாமல் இருந்தது. சுத்தியல் தட்டியது. மிச்சம் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ப்ரூவர் வாயைத் திறந்தார். ஆனால் கைதட்டலுக்கு எழுந்து தலைகுனிந்தே பழகிய உடம்பு அவருடையது. அது அவரைக் கேட்காமல் குனிந்துவிட்டது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வெண்டல் பார்த்தது, பனியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவர்கள் முதல் நிமிடத்தில் பார்ப்பார்களே, எங்கே இருக்கிறோம் என்று தெரியாத ஒரு பார்வை, அது.

விமான நிலையத்திலிருந்து வெண்டல் நதீனைக் கூப்பிட்டான். நடந்ததை முழுதும் சொன்னான், மஃபினையும் மறைக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கேட்டது ஒன்றுதான்.

“காலையில அறிமுகம் பண்ணினா, அன்னிக்கு முழுக்கப் பேசுமா?”

“அன்னிக்கு மட்டும்.”

“சரி. அதுக்கும் மேல அவங்ககிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். வா.”

டிசம்பரிலிருந்து, மலைப்பாதை தொடங்கும் வண்டி நிறுத்தத்தில், விடிந்ததும் மீட்புக் குழுவில் ஒருவர் போய் நிற்கிறார். மேலே போக வருகிற ஒவ்வொருவரிடமும் கைபேசியை வாங்கி, குழுவின் கைபேசிக்குப் பக்கத்தில் வைத்து, அறிமுகம் செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும். நேற்று வந்தவரே இன்றும் வந்தால், முன்பின் பார்த்திராதவர்போல மறுபடி செய்ய வேண்டும். கையுறையோடு திரை வேலை செய்யாது. சனியும் ஞாயிறும் வெண்டலின் முறை. பத்துப் பேருக்குள் விரல் மரத்துவிடும். ஃபிளாஸ்க் காபியை ஊற்றிய கோப்பையைப் பிடித்துச் சூடேற்றிக்கொள்வான். சிலர் நன்றி சொல்வார்கள். சிலர், “என்ன விக்கறீங்க?” என்பார்கள்.

ஒரு சனிக்கிழமை, புது பனிவண்டியோடு வந்த ஓர் இளம்பெண் கைபேசியைக் கொடுக்க மறுத்தாள்.

“நான் எங்க போறேன்னு உங்களுக்கு எதுக்குத் தெரியணும்?”

“தெரிய வேண்டாம்மா. நீ மாட்டினா மட்டும்...”

“இல்லைன்னா இல்லை. அது என் உரிமை.”

“உரிமைதான்.” வெண்டல் வழிவிட்டு ஒதுங்கினான். விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டான்.

அவள் வண்டியை முடுக்கினாள். ஏனோ உடனே கிளம்பவில்லை. தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தூக்கினாள்.

“மாட்டேன்னுட்டேன்ல. இப்ப மேல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

வெண்டல் அதை யோசிக்க வேண்டியதே இல்லை என்பதுபோல அவளைப் பார்த்தான்.

“தேடுவோம்” என்றான்.